நாற்பத்தேழாம் எண் கட்டடத்தின் பூட்டு

புதிதாகக் கணக்கெடுப்பு வேலைக்குச் சேர்ந்திருக்கிற உங்கள் ஐந்து பேருக்கும் திங்கட்கிழமை ஒரு படிவம் தருவார்கள். பழைய கடைத்தெருக்களில் ஒரு கட்டடத்துக்கு ஒன்று என்று நிரப்ப வேண்டும். சுவர் என்ன கல், உத்தரம் என்ன மரம், எத்தனை மாடி, விரிசல் எங்கே என்று கேள்விகள் வரிசையாகப் போகும். அந்தப் படிவத்தைத் தயாரித்தவள் நான். ஏழு வருடம் இந்தத் தெருக்களில் வேலை பார்த்துவிட்டு மாதக் கடைசியில் வேறு ஊருக்குப் போகிறேன். ஓய்வு பெறுகிற வயதெல்லாம் ஆகவில்லை. ஆனாலும் போகிறவள் நாலு வார்த்தை சொல்லிவிட்டுப் போகட்டும் என்று அலுவலகத்தில் கேட்டுக்கொண்டார்கள்.

சுண்ணாம்புக் கலவை பற்றியும் பவளக்கல் சுவர் பற்றியும் குறிப்புகள் அலமாரியில் இருக்கின்றன. அவற்றை நீங்களே படித்துக்கொள்வீர்கள். நான் சொல்ல நினைப்பது பதினான்காம் கேள்வியைப் பற்றி. இப்போது அது மூன்று வரி நீளம். நான் முதலில் எழுதியபோது ஒரே வரிதான்: ‘பயன்பாட்டில் உள்ளதா? ஆம் / இல்லை.’

அந்த ஒரு வரியால் பதினோரு பேருடைய வேலை போகப் பார்த்தது. அதைத்தான் சொல்லப் போகிறேன்.

நான் எதற்கும் பட்டியல் போடுகிறவள். நாசரேத்தில் வாத்தியார் வீட்டில் பிறந்தவளுக்கு அது தானாக வந்துவிடும். வேலையில் சேர்ந்த முதல் வருடம், கடற்கரைச் சாலைக்கு உட்புறம் இருக்கிற தெருக்களைக் கணக்கெடுக்கச் சொன்னார்கள். எந்தக் கட்டடத்தைப் பழுதுபார்க்கலாம், காலியாகக் கிடப்பதை எதற்குப் பயன்படுத்தலாம், எதைக் காப்பாற்றவே முடியாது என்று முடிவு செய்ய அந்தப் பட்டியல்தான் அடிப்படை. எனக்கு இருபத்தேழு வயது. படம் வரைகிற சுடலைமணி அண்ணனும் நானும் மே மாத வெயிலில் நடந்து, நூற்றுச் சொச்சம் கட்டடங்களை மூன்றே வாரத்தில் முடித்தோம். அந்த வேகத்தில் எனக்குப் பெருமையும் இருந்தது.

பட்டியலில் நாற்பத்தேழாவதாக வந்தது ஒரு மாடிக் கட்டடம். தெருவிலிருந்து பார்த்தால் ஒரு விநோதம். மாடியின் முன்சுவரில், பால்கனியோ படியோ எதுவும் இல்லாத இடத்தில், இரட்டைக் கதவு ஒன்று இருந்தது. திறந்து கால் வைத்தால் நேரே தெருவில்தான் விழ வேண்டும். கதவுக்கு மேலே சுவரைத் துளைத்துக்கொண்டு ஒரு உத்தரம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஆகாயத்தில் திறக்கிற கதவு யாருக்கு? அந்தக் காலத்தில் பஞ்சுப் பொதியோ சங்கு மூட்டையோ கயிறு கட்டி மேலே இழுத்திருப்பார்கள் என்று ஊகித்து, குறிப்பேட்டில் கேள்விக்குறியோடு எழுதி வைத்தேன்.

கீழே கதவு பூட்டியிருந்தது. மறுபடி போனேன், பூட்டியிருந்தது. மூன்றாம் முறையும் அப்படியே. கட்டடத்துக்காரர் சென்னையில் இருந்தார். தொலைபேசியில் கேட்டதற்கு, “அங்க என்ன இருக்கு, சும்மாதான் கிடக்கு” என்றார். நான் ‘இல்லை’ என்று குறித்தேன். குறிப்பு என்ற இடத்தில், ‘காலி. நீண்ட நாளாகப் பூட்டிக் கிடக்கிறது’ என்று சேர்த்தேன்.

“நீண்ட நாளான்னு எப்படித் தெரியும் மேடம்?” என்று சுடலைமணி அண்ணன் கேட்டார்.

“பூட்டப் பாருங்கண்ணே, எவ்வளவு துரு!”

“நம்ம ஊர்க் காத்துக்கு நேத்து வாங்குன பூட்டும் துருப்பிடிக்கும்.”

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். எழுதியதை நான் அடிக்கவில்லை. அவர் மாப்பிள்ளையூரணிக்காரர், வேடிக்கையாகப் பேசுவார் என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.

நவம்பரில் மழை பிடித்தது. வேறொரு தெருவில் ஒரு பழைய சுவர் விழுந்தது. யாருக்கும் அடியில்லை. ஆனால் மறுநாளே, விழக்கூடிய கட்டடங்களின் பட்டியலைக் கொடு என்று மேலிருந்து உத்தரவு வந்துவிட்டது. நாற்பத்தேழின் முன்சுவரில், அந்த ஆகாயக் கதவுக்குக் கீழே, நீளமான விரிசல் இருந்ததை நான் தெருவிலிருந்து படம் எடுத்திருந்தேன். ஆள் இருக்கிற கட்டடம் என்றால் இருப்பவர்களைக் கூப்பிட்டு விசாரிக்க வேண்டும். ஆளில்லாதது என்றால் இடிப்பதற்கு உரிமையாளர் சம்மதம் போதும். அவர் அன்றைக்கே சம்மதம் அனுப்பிவிட்டார். வியாழக்கிழமை இடிக்கிற பொக்லைன் வண்டி வருவதாக ஏற்பாடு.

செவ்வாய்க்கிழமை காலை நானும் சுடலைமணி அண்ணனும் பசை வாளியோடு இடிப்பு அறிவிப்பை ஒட்டப் போனோம். அடியில் ‘கள ஆய்வு செய்தவர்’ என்று என் கையெழுத்து. கதவு முன்னால் போய் நின்றோம்.

கதவு திறந்திருந்தது.

சுடலைமணி அண்ணன் வாளியைக் கீழே வைத்தார். மாடிப்படியில் ஒரு பெண்மணி இறங்கி வந்தார். நாற்பது வயதிருக்கும். வாயில் நூல், கையில் வலை பின்னுகிற ஊசி. ஜெனோவா என்பது அவர் பெயர், அந்த இடத்தை நடத்துகிறவர் அவர்தான் என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது.

“ஏலே, என்னலே அது? சினிமா போஸ்டரா? இங்கன ஒட்டாத, எதுத்த செவுத்துல ஒட்டு.”

சுடலைமணி அண்ணன் என்னைப் பார்த்தார். நான் அறிவிப்பை நீட்டினேன். ஜெனோவா நூலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, சத்தமாக, ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். ‘ஆளில்லாத கட்டடம்’ என்ற இடத்தில் நிறுத்தினார். மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

“ஏளா சகாயம்! எல்லாத்தையும் கூட்டிக்கிட்டு எறங்கி வா. நாமல்லாம் இல்லாத ஆளுவளாம். காயிதம் வந்துருக்கு!”

மேலே பெரிய சிரிப்பு கேட்டது. யாரும் இறங்கவில்லை. நான்தான் ஏறிப் போனேன்.

தூணோ தடுப்புச் சுவரோ இல்லாத ஒரே நீளக் கூடம். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை விசைப்படகு வலை ஒன்று, உத்தரத்து இரும்பு வளையங்களில் தொங்கவிட்டு விரித்துக் கிடந்தது. அதன் இரண்டு பக்கமும் ஒன்பது பெண்கள் உட்கார்ந்து கிழிந்த கண்ணிகளைக் கோத்துக்கொண்டிருந்தார்கள். முன்சுவரில் அந்த இரட்டைக் கதவு விரியத் திறந்திருந்தது. வெளியே நீட்டிய உத்தரத்தில் கப்பி மாட்டி, தெருவில் நிற்கிற தள்ளுவண்டியிலிருந்து இன்னொரு வலையை ஒருத்தி கயிறு பிடித்து மேலே இழுத்துக்கொண்டிருந்தாள்.

உண்மையைச் சொல்கிறேன். எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். அந்தக் கதவு எதற்கென்று தெரிந்துவிட்டதே! பயம் அதற்கு ஒரு நிமிடம் கழித்துத்தான் வந்தது. அவள் கயிற்றை இழுக்கும்போதெல்லாம் பாரம் இறங்குவது விரிசல் விட்ட அந்தச் சுவரின் மேல்.

“அக்கா, நான் மூணு தடவ வந்தேன். மூணு தடவையும் பூட்டியிருந்துது.”

“எப்ப வந்திய?”

“மே மாசம்.”

கூடத்தில் இருந்த பத்துப் பேரும் சேர்ந்து சிரித்தார்கள்.

“மே மாசமா!” என்றார் ஜெனோவா. “தடைக்காலம்லா அது! மீன் குஞ்சு பொரிக்கட்டும்னு ரெண்டு மாசம் விசைப்படகு ஒண்ணும் கடலுக்குப் போவாது. எல்லாம் துறைமுகத்துல கெடக்கும். எல்லாப் படகு வலையும் ஒரே நேரத்துல கிழிசல் பாக்கணும். அத்தனையையும் இங்கன தூக்கிட்டா வர முடியும்? நாங்க அங்கன போயிருவோம். வருசத்துலயே எங்களுக்கு மூச்சுவிட நேரமில்லாத மாசம் அதுதான். நீங்க அந்த மாசம் பாத்து வந்து, கடை செத்துப்போச்சுன்னு எழுதிட்டுப் போயிருக்கிய!”

நாசரேத்திலிருந்து கடல் ஒன்றும் வெகுதூரம் இல்லை. தடைக்காலம் என்றால் மீன் விலை ஏறும் என்று எங்கள் வீட்டிலும் தெரியும். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். சுடலைமணி அண்ணனுக்கோ மைத்துனரே படகில் வேலை பார்க்கிறார். “எனக்குத் தோணாமப் போச்சே மேடம்” என்று தலையைச் சொறிந்தார். தெருவைத் தெருவாகவே பார்த்தோம். அது கடலின் நாள்காட்டியில் ஓடுகிற தெரு என்பது இரண்டு பேருக்கும் உறைக்கவில்லை.

தவறு தெரிந்துவிட்டால் திருத்திவிடலாம் என்று நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். ஆனால் என் தவறைத் திருத்தினால் விரிசல் மறைந்துவிடுமா? ஆளில்லாத கட்டடத்தில் விரிசல் என்றால் அது கட்டடத்தின் ஆபத்து. அதுவே பதினோரு பேர் உட்கார்ந்திருக்கிற கட்டடம் என்றால்? என் படிவம் தவறென்று நான் ஒப்புக்கொண்ட அந்த நிமிடத்திலேயே அவர்களை வெளியேற்ற வேண்டியவளும் நானாகிவிட்டேன்.

“அக்கா, கொஞ்ச நாளைக்கு எல்லாரும் கீழ இறங்கிருங்க. சுவரப் பாத்து முட்டுக் கொடுக்குற வரைக்கும்.”

“எறங்குனா கதவப் பூட்டணும். பூட்டுனா காலின்னு எழுதுவீய. காலின்னா இடிப்பீய. இதுக்குத்தான இவ்வளவு நேரம் பேசுதோம்?”

ஜெனோவா வலையைக் காட்டினார். “இதப் பாரு மேடம். இந்த நீளத்துக்கு மழ படாத தரை இந்த ஊருல வேற எங்கன இருக்கு, நீயே சொல்லு. துறைமுகத்துல கொட்டாய் எல்லாம் ஒழுகுது. இந்த மச்சு போச்சுன்னா படகுக்காரவுக வலைய வேற ஊருக்கு ஏத்திருவாவ. அப்பறம் நாங்க குடியிருக்குற திரேஸ்புரத்துல போய் ஆளுக்கொரு வாசல்ல உக்காந்து என்னத்தக் கோக்குறது?”

தெருவுக்கு வந்து எங்கள் தலைமைப் பொறியாளரைக் கூப்பிட்டேன்.

“சார், நாற்பத்தேழு தப்பு. காலி இல்ல. பதினோரு பேர் வேலை பாக்காங்க.”

“விரிசல்?”

“விரிசல் உண்மை சார்.”

“அப்போ நீ சொல்றது இன்னும் மோசமான செய்திம்மா.” பிறகு கேட்டார்: “காலின்னு எத்தன கட்டடத்துக்குப் போட்டிருக்க?”

“பத்தொன்பது.”

“எல்லாம் மே மாசமா?”

“எல்லாம் மே மாசம்.”

அந்தப் பட்டியலை வைத்துத்தான் இந்தப் பகுதிக்கான முழுத் திட்டமும் மேலே போயிருந்தது. ஒரு கட்டடத்தை மாற்றினால், மற்றதை யார் நம்புவார்கள் என்று கேட்பார்கள். திட்டமே தள்ளிப்போகும். இதையெல்லாம் அவர் சொல்லவில்லை. எனக்கே தெரியும் என்று அவருக்குத் தெரியும். “வியாழக்கிழமை நானே வர்றேன். அதுவரைக்கும் அந்தக் கப்பியில பாரம் ஏறக் கூடாது. மேல ஒருத்தரும் இருக்கக் கூடாது. அது உன் பொறுப்பு” என்று வைத்துவிட்டார்.

பையிலிருந்து நாற்பத்தேழாம் படிவத்தை எடுத்து, ஜெனோவாவின் முன்னால், ‘இல்லை’ என்பதை அடித்து ‘ஆம்’ என்று எழுதினேன். பக்கத்தில், ‘முதலில் எழுதியது என் தவறு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் அதைச் சாவகாசமாகப் பார்த்தார்.

“காயிதத்துல அடிச்சா செவுரு ஒட்டிக்கிடுமாளா?”

‘மேடம்’ போய், இந்தப் பக்கம் ‘அடி’ என்பதற்குச் சொல்கிற ‘ளா’ வந்துவிட்டதை நான் கவனித்தேன். திட்டாக எடுத்துக்கொள்வதா, உரிமையாக எடுத்துக்கொள்வதா என்று புரியவில்லை.

“ஒட்டாது அக்கா. அதனாலதான் இறங்கச் சொல்லுதேன். கதவு திறந்தே இருக்கட்டும். நீங்க தெருவ விட்டுப் போக வேண்டாம்.”

அவர் யோசித்தார். “தெருவ விட்டுப் போக வேண்டாம்னு நீதான் சொல்லுத?”

“ஆமா.”

“அப்பச் சரி.”

அதற்கு என்ன அர்த்தம் என்று வியாழக்கிழமை காலைதான் தெரிந்தது. மழை விட்டு வெயில் அடித்தது. ஜெனோவா வலையைத் தெருவில் விரித்திருந்தார். நாற்பத்தேழின் வாசலில் தொடங்கி தெருமுனை வரை போயிருந்தது. பதினோரு பேரும் இரண்டு பக்கமும் உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். முழக்கமில்லை, கூட்டமில்லை. அந்த நீளத்துக்கு வேறு இடம் இல்லாததால் அங்கே இருந்தது, அவ்வளவுதான்.

ஏற்பாடு இன்னும் ரத்தாகாததால் பொக்லைனும் வந்து தெருமுனையில் நின்றது. ஓட்டுநர் இறங்கி வந்து வலையைப் பார்த்தார்.

“இதச் சுருட்டச் சொல்லுங்க மேடம். வலை மேல வண்டி ஏத்த மாட்டேன். எங்கய்யா கடலுக்குப் போனவரு.”

“சுருட்டுனா சிக்கு விழுந்துரும் தம்பி” என்றார் ஜெனோவா, ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல். “நீ டீ குடிச்சிட்டு வா.”

சிறிது நேரத்தில் எங்கள் சாரின் வண்டியும் அந்த முனையிலேயே நின்றது. அவர் இறங்கி வேகமாக நடந்து வந்தார். கட்டடத்து வாசலை மறித்து வலை கிடந்தது. ஒரு காலைத் தூக்கினார்.

“சார், செருப்பு” என்றாள் சகாயம்.

இந்தக் கரையில் வலையைச் செருப்புக் காலோடு தாண்ட மாட்டார்கள். சார் கோயம்புத்தூர்க்காரர், அவருக்கு இது தெரியாது. ஆனால் காலை அப்படியே பின்னுக்கு எடுத்துவிட்டார். ஷூவையும் சாக்ஸையும் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு தாண்டினார். மாடிக்குப் போகும்போது என்னை மட்டும் கூப்பிட்டார்.

மேலே போய் விரிசலை உள்பக்கமிருந்து பார்த்தோம். செவ்வாய்க்கிழமை இருந்த பதற்றத்தில் நான் அதைச் செய்யவில்லை. மே மாதத்தில் பூட்டியிருந்ததால் செய்ய முடியவில்லை. டார்ச் வெளிச்சத்தை விரிசலுக்குள் விட்டேன். உள்ளே வெள்ளையாக இருந்தது. சுண்ணாம்பு அடித்திருந்தார்கள், அதுவும் ஒரு தடவை அல்ல. நகத்தால் சுரண்டினால் ஒன்றின் கீழ் ஒன்றாக எண்ணி முடியாத அளவுக்குப் படிவு. புதிய விரிசலுக்குள் யாரும் வெள்ளையடித்திருக்க முடியாது. இந்தச் சுவர் நாங்கள் யாரும் பிறப்பதற்கு முன்பே பிளந்து, அப்படியே நின்று, தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் வெள்ளையடிக்கப்பட்டு வந்திருக்கிறது.

“பழசுதான் சார்” என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

“பழசுங்கிறதுக்காக நகராதுன்னு அர்த்தமில்ல. மூணு வாரம் பாப்போம்.”

உத்தரத்துக்கு முட்டுக் கொடுத்தோம். விரிசலின் குறுக்கே நாலு இடத்தில் கண்ணாடிச் சில்லு ஒட்டினோம். சுவர் மயிரிழை நகர்ந்தாலும் கண்ணாடி உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். பொக்லைன் திரும்பிப் போனது. மூன்று வாரமும் வெயில் அடித்தால் தெருவில், மழை பெய்தால் கீழ்த்தளத்திலும் பக்கத்துக் கிடங்கிலும் துண்டு துண்டாக வலையைப் பிரித்து வைத்து அவர்கள் வேலை பார்த்தார்கள். தினமும் காலையில் நான் கண்ணாடியைப் பார்த்துவிட்டு இறங்கும்போது, “என்னளா, ஒடஞ்சிருச்சா?” என்று ஜெனோவா கேட்பார். “இல்லக்கா” என்பேன். “ஒடஞ்சா ஒரு வாத்த சொல்லு, ஓடிப்போயிருதோம்” என்பார்.

மூன்று சில்லு உடையவில்லை. நாலாவது உடைந்தது. அங்கே காரையைப் பெயர்த்தோம். பார்த்தால் அந்த இடத்தில் சுவருக்குள்ளே மறைந்திருந்த மழைநீர்க் குழாய் ஒழுகி, சுண்ணாம்பு ஊறியிருந்தது. குழாயை மாற்றினோம். வேறு சில்லு ஒட்டினோம். அது உடையவில்லை. கப்பியில் பாரம் ஏற்றக் கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் அனுமதி கொடுத்தோம்.

மற்ற பதினெட்டுக் கட்டடங்களுக்கும் ஜனவரியில் மறுபடி போனோம். ஆறு திறந்திருந்தன. பனிக்கட்டிப் பெட்டி பழுதுபார்க்கிற இடம் ஒன்று, படகு எஞ்சின் பட்டறை ஒன்று, இப்படி. பன்னிரண்டு உண்மையிலேயே காலி. திட்டம் ஒரு வருடம் தள்ளிப்போனது. அந்த ஒரு வருட மழையில், பணி தொடங்கியிருந்தால் காப்பாற்றியிருக்கக் கூடிய இரண்டு நல்ல கட்டடங்கள் விழுந்தன. அதற்கும் நீதான் காரணமா என்று கேட்டால் எனக்குத் தெரியவில்லை. அந்த இரண்டின் படிவங்களையும் நான் இன்னும் தனியாக வைத்திருக்கிறேன்.

இப்போது பதினான்காம் கேள்வி இப்படி இருக்கிறது: ‘நீங்கள் வந்தது எந்த மாதம், எந்த நேரம்? பூட்டியிருந்தால் அக்கம்பக்கத்தில் யாரிடம் கேட்டீர்கள்? மறுபடி எப்போது வருவீர்கள்?’ ஆம், இல்லை என்று குறிக்கக் கட்டமே கிடையாது. நிரப்ப நேரம் ஆகிறது என்று உங்களுக்கு முன்னால் சேர்ந்தவர்கள் முணுமுணுத்திருக்கிறார்கள். நீங்களும் முணுமுணுக்கலாம்.

ஒட்டாமல் போன அந்த அறிவிப்பை ஜெனோவா அந்தச் செவ்வாய்க்கிழமையே என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். “காயிதம் நல்ல கெட்டியா இருக்கு, வீணாக்கக் கூடாது” என்றார். என்ன செய்தார் என்று அடுத்த தடைக்காலத்தில் பார்த்தேன்.

நீங்கள் வேலை தொடங்கப் போவதும் மே மாதத்தில்தான். நாற்பத்தேழுக்குப் போனால் பூட்டியிருக்கும், பூட்டு துருப்பிடித்திருக்கும். பூட்டில் லேமினேட் செய்த அட்டை ஒன்று தொங்கும். அதில் பெரிய எழுத்தில், ‘காலி இல்ல. துறைமுகத்துல இருக்கோம்’ என்று எழுதியிருக்கும். அதைப் படித்ததும் போய்விடாதீர்கள், திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் ‘ஆளில்லாத கட்டடம்’ என்ற அறிவிப்பும், அதன் அடியில் என் கையெழுத்தும் இருக்கும்.